எங்கள் ஏரியில் சிக்கியது பிரானாவா? – அயல் உயிரினங்கள் பற்றிய விவாத இழை

நவம்பர் 9, வாசகர் கேள்வி

தாம்பரத்தை அடுத்த எங்கள் ஏரியில் நேற்று வீச்சு வலையில் ஒரு மீன் சிக்கியது. வயிறு சிவப்பு, வாயில் மனிதப் பல்லைப் போன்ற பற்கள். இது ஆளைக் கடிக்கும் பிரானா என்றும் ஏரியில் யாரும் இறங்க வேண்டாம் என்றும் வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி சுற்றுகிறது. படம் இணைத்துள்ளேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நவம்பர் 9, இரவு

பிரானா அன்று. படத்தில் இருப்பது மீன் கடைகளில் ரூப்சந்த் என்ற பெயரில் விற்கப்படும் பாக்கூ மீன். பிரானாவுக்குப் பங்காளி முறை. இரண்டும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. குட்டியாக இருக்கும்போது வயிற்றுச் சிவப்பும் உடல் வாகும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பிரானாவின் பல் முக்கோணமாகவும் கூராகவும் இருக்கும்; அதன் கீழ்த்தாடை மேல்தாடையை மீறி முன்னே துருத்திக்கொண்டிருக்கும். பாக்கூவுக்கு அமேசான் வெள்ளக்காட்டில் நீரில் விழும் பழங்களையும் கொட்டைகளையும் உடைத்துத் தின்னும் வழக்கம் உண்டு என்பதால் பற்கள் தட்டையாக, அகலமாக இருக்கும். வாட்ஸ்அப் குழு எந்த மனிதப் பல்லைக் கண்டு அஞ்சியதோ, அந்தப் பல்தான் இது பிரானா அன்று என்பதற்கான சான்று.

நவம்பர் 10

"அமேசான் மீன் தாம்பரத்துக்கு எப்படி வந்தது?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பாக்கூ வங்கதேசம் வழியாக மேற்கு வங்கத்துக்குள் நுழைந்து, பின்னர் ஆந்திரக் குளங்களில் பெருமளவில் வளர்க்கப்பட்டு, ஐஸ் பெட்டியில் நம் சந்தைக்கு வருகிறது. உயிருள்ள மீன் ஏரிக்குள் வருவதற்கு வேறு வழிகள் உண்டு. குத்தகைக்கு எடுத்த ஏரியில் விடுவதற்காக வாங்கும் கெண்டைக் குஞ்சுகளோடு கலந்து வரலாம். மேலே உள்ள பண்ணைக்குளம் மழையில் நிரம்பி வழியும்போது கால்வாயில் இறங்கி வரலாம். அலங்கார மீனாக வாங்கியவர் தொட்டி போதாமல் கொண்டுவந்து விட்டிருக்கலாம். ஒரே ஒரு மீனை வைத்துக்கொண்டு இவற்றில் எது நடந்தது என்று சொல்ல முடியாது. இன்னும் சில சிக்கினால், அவை ஒரே அளவில் இருக்கின்றனவா, வெவ்வேறு அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே அளவென்றால் ஒரே தடவையில் விடப்பட்டவை என்று ஊகிக்கலாம்.

நவம்பர் 10, சிறிது நேரம் கழித்து

சமைக்கலாமா என்ற கேள்வியும் வந்துவிட்டது, எதிர்பார்த்ததுதான். சந்தையில் வாங்கும் ரூப்சந்தைத் தாராளமாகச் சமைக்கலாம், வறுவலுக்கு நன்றாக இருக்கும். அந்த ஏரி மீனைச் சமைக்க நான் சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் ஏரியில் கலக்கும் கழிவுநீர்; மீனின் பூர்வீகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நவம்பர் 14

பிரானா பயத்தில் யாரும் கவனிக்காத ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். வாசகர் அனுப்பிய முதல் படத்தின் ஓரத்தில், கரைமண்ணில், கறுப்பாக ஒரு மீன் கிடக்கிறது. வலைக்காரர் அதைப் பிடித்து ஒதுக்கிப் போட்டிருக்கிறார். எனக்கு ரூப்சந்தைக் காட்டிலும் அதுதான் கவலை தருகிறது. கடைகளில் டேங்க் கிளீனர் என்றும் சக்கர் என்றும் இரண்டு அங்குலக் குட்டியாக விற்கிறார்களே, அந்த மீன்தான் அது.

நேற்றுக் காலை அந்த ஏரிக்கே சென்றிருந்தேன். ஏரி நிரம்பினால் நீர் வழிந்தோடும் கலங்கலுக்குப் பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், கேட்டதும் ஒன்றை எடுத்துக் காட்டினார். முழங்கை நீளம் இருந்தது. செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் வரிசை வரிசையாக உடலைப் போர்த்தியிருந்தன. தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் வழுவழுப்பு, எதிர்த்திசையில் தடவினால் அரத்தில் கை வைத்தது போன்ற சொரசொரப்பு. முதுகுத் துடுப்பை விரித்துப் பிடித்தபோது ஓர் உள்ளங்கை அகலம் நின்றது. பக்கத் துடுப்பின் முதல் முள் தடிமனாக, விறைத்து நின்றது. அது தங்கூசி (நைலான் இழை) வலையில் மாட்டிக்கொண்டால் மீனை எடுப்பதற்குக் கண்ணியை அறுக்க வேண்டியதுதான் என்று பெரியவர் சொன்னார். கண்ணைப் பார்த்தேன். வெயில் பட்டதும் கண்மணியின் மேற்புறத்திலிருந்து ஒரு சிறு மடிப்பு இறங்கிப் பாதியை மூடியது. நிழலில் திருப்பியதும் அது மெல்ல மேலேறியது. இமை இல்லாத மீனுக்கு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள அமைந்த ஏற்பாடு அது.

"தம்பி, இதைக் காலையில் கரையில் போட்டால் மத்தியானம் வரை சாகாது" என்றார் அவர். மிகைப்படுத்தவில்லை. இந்த மீன் காற்றை விழுங்கி, இரத்த நாளங்கள் அடர்ந்த தன் இரைப்பையின் வழியாகவே உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். ஆகவே சாக்கடை கலந்து, விரால் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை மூச்சுமுட்டும் நீரிலும் இது தாராளமாக வாழும். அமேசான், ஒரினோகோ ஆற்றுப் படுகைகளைச் சேர்ந்த இந்தப் பேரினத்துக்கு டெரிகோப்லிக்திஸ் என்று பெயர். கிழக்குக் கொல்கத்தாவின் மீன் வளர்ப்பு ஈரநிலங்களிலும் கேரளத்தின் கால்வாய்களிலும் நிலைபெற்று வெகுநாளாயிற்று. மெக்சிகோவின் இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கத்தில், அந்நாட்டின் மிகப் பெரிய நன்னீர் மீன்பிடித் தொழில்களுள் ஒன்று இது பெருகியபின் நொடித்துப்போனது. வலையில் வருவதில் பெரும்பங்கு இதுவாகவே ஆனது. போர்ட்டோ ரிக்கோவில் இதை விழுங்கிய பழுப்புக் கூழைக்கடாக்கள் தொண்டையில் முள் குத்தி இறந்திருக்கின்றன. அந்த ஏரிக்கும் புள்ளி மூக்குக் கூழைக்கடாக்கள் வருகின்றன என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்பித்தான் மக்கள் வாங்குகிறார்கள். நானும் ஒரு காலத்தில் வளர்த்தேன். குட்டியாக இருக்கும்வரை கண்ணாடிப் பாசியை ஓரளவு சுரண்டும். வளர்ந்தபின் அது போடும் கழிவு அது தின்னும் பாசியைவிட அதிகம். நன்றாக வளர்ந்தால் ஒன்றரை அடியைத் தொடும். இரண்டடித் தொட்டி வைத்திருப்பவர் அப்போது என்ன செய்வார்? கொல்ல மனம் வராது. "ஏரியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்பார். அது பிழைத்துக்கொள்ளும்தான்.

நவம்பர் 15

"சுத்தம் செய்யும் குணமே அதற்கு இல்லையா?" என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஃபுளோரிடாவில் புளூ ஸ்பிரிங் என்ற ஊற்றுக்குக் குளிர்காலத்தில் கூடும் கடற்பசுக்களின் முதுகில் இந்த மீன்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு தோல்மேல் படிந்த பாசியைச் சுரண்டுகின்றன. கடற்பசுக்கள் சில பொறுத்துக்கொள்ளும். சில புரண்டு உதறும். வீட்டில் கடற்பசு வளர்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

நவம்பர் 18

இழையைப் பார்த்துவிட்டு "அயல் உயிரினம்" என்ற குறிப்போடு வந்த படங்களில் பெரும்பாலானவை நம்மூர் உயிரினங்களே. அடையாறு கரையிலிருந்து ஒருவர், எலுமிச்சை மஞ்சளில் நீலக் கன்னப்பைகளோடு கத்தும் தவளைகளின் காணொளியை அனுப்பி, இவை ஆப்பிரிக்காவிலிருந்து தப்பி வந்தவையா என்று கேட்டிருக்கிறார். அவை நம் வயல்களின் பெரிய தவளைகள். ஆண்டு முழுவதும் பழுப்பும் பச்சையுமாக இருக்கும் ஆண் தவளை, கனமழையோடு இணைசேரும் சில நாட்களுக்கு மட்டும் மஞ்சளாகும். இன்னொருவர் கூரை மேல் நடக்கும் "அயல்நாட்டுப் பூனை" என்று அனுப்பியது மரநாய். அது ஓடு வேய்ந்த வீடுகளில் குடியிருந்த காலம் முதலே நம்மோடு இருக்கிறது.

இதில் நகைக்க ஒன்றும் இல்லை. வயலுக்குப் போகாத தலைமுறைக்குச் சொந்த ஊர்த் தவளை அந்நியமாகவும், வாரந்தோறும் தட்டில் வரும் வெளிநாட்டு மீன் சொந்தமாகவும் படுவது இயல்பு. நமக்குப் பழக்கமில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் உயிரை அயல் என்று முடிவுகட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நவம்பர் 21

மேற்கண்ட குறிப்புக்கு ஒருவர், "அப்படியானால் ஏரியில் அசல் நம்மூர் மீன் எது? ஜிலேபிதானே?" என்று கேட்டிருக்கிறார். இதைவிடப் பொருத்தமாக யாரும் எனக்கு எடுத்துக்கொடுத்திருக்க முடியாது. ஜிலேபி கெண்டை, ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் திலாப்பியா. இந்தியாவுக்குள் 1952இல் வந்தது.  எழுபது ஆண்டுகளில் குளம், குட்டை, கழிமுகம் எல்லாவற்றிலும் பரவி, விராலும் குறவையும் இருந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டது. கொசுப்புழுவை ஒழிப்பதற்காக 1928இல் இத்தாலியிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா மீனும் அவ்வாறே. இன்று அதைக் குளத்தில் பார்ப்பவர்கள் "ஏதோ பொடி மீன்" என்று கடந்துபோகிறார்கள்.

ஜிலேபியை வெறுத்துப் பேச எனக்கு மனமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் குளங்களில் நன்னீர் மீன்பிடித்தொழில் பெரும்பாலும் திலாப்பியாவை நம்பியே நிற்கிறது. இங்கேயும் கையில் காசு குறைவாக உள்ள வீட்டுக்கு மலிவாகக் கிடைக்கும் மீன் அது. தீங்கு செய்ததும் உண்மை, பசியாற்றியதும் உண்மை. சக்கர் மீனுக்கு இந்த இரண்டாவது கணக்கே கிடையாது. தகட்டை உரித்து எடுத்தால் மிஞ்சும் சதை சொற்பம், நம் சந்தையில் வாங்குவாரும் இல்லை. ஆகையால் எல்லா வரவுகளையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. இதை மறுத்துச் சிலர் நீளமாக எழுதியிருக்கிறீர்கள். படித்தேன், ஜிலேபி விஷயத்தில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 27

மழை விட்டபின் சுவரில் கூட்டமாக ஏறும் பெரிய நத்தைகள் பற்றிப் பல பகுதிகளிலிருந்து கேட்கிறார்கள். கூம்பு வடிவில், பழுப்புக் கோடுகளோடு, விரல் நீளத்துக்கு ஓடு இருந்தால் அது ஆப்பிரிக்கப் பெருநத்தை. வில்லியம் பென்சன் என்ற சங்கு ஆய்வாளர் 1847இல் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவின் சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விட்டதிலிருந்து இந்தியாவில் அதன் கதை தொடங்குகிறது. அது சுவரில் ஏறுவதற்கும் காரணம் உண்டு: ஓட்டை வளர்க்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், உங்கள் வெள்ளையடித்த சுவரில் அது கிடைக்கிறது.

வெறும் கையால் தொடாதீர்கள். மனித மூளையுறையைத் தாக்கக்கூடிய எலி நுரையீரல் புழுவை இது சுமக்கக்கூடும். கையுறை அணிந்து பொறுக்கி, கெட்டியான உப்புக் கரைசலில் போட்டுக் கொன்று, ஆழமாகப் புதைக்க வேண்டும். தோட்டம் முழுக்க உப்பைத் தூவுகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் செய்தால் நத்தையோடு கீரைப்பாத்தியும் போகும். கோடையில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் என்பதால், காணவில்லை என்றவுடன் ஒழிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

டிசம்பர் 3

கண்டதையெல்லாம் படம் எடுத்து அனுப்புங்கள் என்று தொடக்கத்தில் உங்களைத் தூண்டியவன் நானே. குவிந்தவற்றைப் பார்த்தபின் ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். மேலிருந்து எடுத்த ஒரே படம் பெரும்பாலும் பயன்படாது. சக்கர் மீன் என்றால் வயிற்றுப்புறம் கட்டாயம் வேண்டும்: அங்கே தனித்தனிக் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா, புள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்து புழு நெளிந்த கோடுகளாக இருக்கின்றனவா என்பதைக் கொண்டுதான் இனத்தைப் பிரிக்கிறார்கள். இனங்கள் கலந்து பிறந்தவையும் உண்டு என்பதால் பல நேரங்களில் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. பக்கத்தில் அளவுகோலோ பத்து ரூபாய் நாணயமோ வையுங்கள். நாளும் இடமும் எழுதுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் பதிவிடுவோர், வளர்ப்பு உயிர் என்றால் அதற்குரிய குறியைத் தவறாமல் இடுங்கள். யாரோ ஒருவரின் மாடிக் கூண்டிலிருந்து தப்பி உங்கள் கொடிக்கயிற்றில் வந்து உட்காரும் காக்கட்டீல் கிளியைக் காட்டுப் பறவையாகப் பதிந்தால், பிற்காலத்தில் தரவைப் பார்ப்பவர் ஆஸ்திரேலியக் கிளி சென்னையில் குடியேறிவிட்டதாக நினைப்பார்.

டிசம்பர் 12

கோயில் குளத்து ஆமை பற்றிய கேள்வி. கண்ணுக்குப் பின்னே சிவப்புப் பட்டை இருந்தால் அது மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த சிவப்புக்காது ஆமை. பச்சை நிறத்தில் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய குட்டியாகக் கடையில் கிடைக்கும். வளர்ந்தால் தட்டு அளவாகும். குட்டி ஆமைகளால் குழந்தைகளுக்கு சால்மோனெல்லா தொற்று பரவியதால் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இலேயே தடைசெய்தது; ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இந்த ஆமையின் இறக்குமதியை நிறுத்தியது. நம் ஊரில் நிலைமை விசித்திரமானது. பால் ஆமையையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் வைத்திருந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம் என்பதால், ஆமை வளர்க்க ஆசைப்படுபவர் இந்த அமெரிக்க ஆமையை நாடுகிறார். சலித்தபின் புண்ணியம் என்று கோயில் குளத்தில் விடுகிறார். குளத்தில் வெயில் காயும் படியும் கல்லும் அளவானவை. அவற்றை இது பிடித்துக்கொண்டால் நம்மூர்க் காராமை ஒதுங்க வேண்டியதுதான்.

டிசம்பர் 13

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தச் சேர்க்கை. சிவப்புப் பட்டை இல்லை என்பதை மட்டும் வைத்து நம்மூர் ஆமை என்று முடிவுசெய்யாதீர்கள். வயதான ஆண் சிவப்புக்காது ஆமைகள் பல கறுத்துப்போய்ப் பட்டையும் மங்கிவிடும். தொலைவிலிருந்து பார்த்தால் காராமை என்றே தோன்றும். முன்காலைப் பாருங்கள்: ஆணுக்கு நகங்கள் வழக்கத்துக்கு மீறி நீண்டிருக்கும். பால் ஆமையை இதோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை. அதற்கு ஓட்டின் மேல் மென்தோலும், குழாய் போல் நீண்ட மூக்கும், பின்னங்காலை மூடிக்கொள்ளும் மடல்களும் உண்டு.

டிசம்பர் 29

"இவற்றையெல்லாம் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் இருக்கிறார்களே, நமக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டவருக்கு எண்ணூரைச் சுட்டிக்காட்டுகிறேன். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் சேற்றின் மேல் பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்கும் சிறிய கருநிறச் சிப்பியை அங்குள்ள மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். மத்திய, தென் அமெரிக்கக் கடலோரங்களைச் சேர்ந்த அது, கப்பல்கள் சாயாமல் நிற்பதற்காக ஏற்றி இறக்கும் சமநிலை நீரோடு வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் அது இருக்கிறது. இறால் சேற்றுக்குள் புதைந்து வாழும். சேறே தெரியாமல் சிப்பி மூடிவிட்டால் அதற்கு இடமில்லை. கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் விரல்தான் அந்த மாற்றத்தை முதலில் உணர்ந்தது. ஆய்வாளர் அங்கே எப்போதாவது வருவார். வலைக்காரர் ஒவ்வொரு நாளும் இருப்பார்.

ஜனவரி 8

ஏரியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்கிறதா என்று கேட்டவருக்கு: இருக்கிறது. கலங்கல் பெரியவர் சொன்னார். நானும் கூடையில் கண்டேன். இதன் வளர்ப்புக்கு நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தடை உண்டு. ஆனாலும் தோட்டக் கிணற்றுப் பக்கத்துத் தார்ப்பாய்க் குட்டைகளில் கோழிக்கழிவைப் போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பறவைப் பூங்காவில் இதை டன் கணக்கில் பிடித்து அகற்ற வேண்டியிருந்தது. நீர்ப்பறவையையே விழுங்கும் மீன் அது. நம் ஏரிக்கு அது எந்த மழையில் வந்தது என்பதைத் தேடிப் பயனில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பண்ணையும் தெருவும் ஏரியும் ஒரே நீர்ப்பரப்பாக இருந்தன.

ஏப்ரல் 19

நீர் நன்றாக வற்றிவிட்டது. நவம்பரில் நீருக்கடியில் இருந்த தெற்குக் கரையின் சரிவு இப்போது வெளியே தெரிகிறது. அங்கே வரிசையாகப் பொந்துகள். சக்கர் மீன் கரையைக் குடைந்து முட்டையிடும் என்றும், ஆண் மீன் உள்ளேயே காவல் இருக்கும் என்றும் படித்திருந்ததால் அருகில் போய்ப் பார்த்தேன். வாய் உயரத்தைவிட அகலம் அதிகம், அடித்தளம் தட்டை, உள்நோக்கிச் சற்றே கீழே சரிகிறது. மூங்கில் குச்சியை விட்டால் கைநீளத்துக்கு மேல் போகிறது. நண்டு வளை வட்டமாக, சிறியதாக இருக்கும்; மீன்கொத்திப் பொந்து செங்குத்தான கரையில், உயரத்தில் இருக்கும். இவை இரண்டும் அல்ல. சில பொந்துகளுக்கு மேலே கரை ஏற்கெனவே பிளந்து சரிந்திருக்கிறது.

ஏரிக்குப் பொறுப்பான அலுவலகம் ஒன்றில் இதைச் சொன்னபோது, "எலி வளையாக இருக்கும், மண் கொட்டிவிடலாம்" என்றார்கள். மண்ணைக் கொட்டி மூடினால் அடுத்த மழையில் மீன் புது மண்ணை இன்னும் எளிதாகக் குடையும். கல் பதித்தால்தான் நிற்கும். மழைக்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீர் இப்போது நடுப்பள்ளத்தில் மட்டும் நிற்கிறது. மீன்கள் அனைத்தும் அங்கேதான் திரண்டிருக்கும். குத்தகைக்காரர் வரும் ஞாயிறு வலை இழுக்கச் சம்மதித்திருக்கிறார். சக்கரை மட்டும் தனியே பிரித்து, வயிற்றுப்புறம் படம் எடுத்து, நீளம் அளந்து, ஐஸ் நீரில் போட்டுக் கொன்று, குழி வெட்டிப் புதைக்க ஆள் வேண்டும். விராலும் குறவையும் சிக்கினால் அப்படியே திரும்ப நீரில் விட அவர் ஒப்புக்கொண்டுள்ளார். வருபவர்கள் தடித்த கையுறையும் அளவுகோலும் கொண்டுவாருங்கள். காலை ஆறு மணிக்குக் கலங்கல் பக்கம்.